ரைசா மூட்டும் அடுப்பு

மக்டலீனுக்கு ரைசாவைக் கண்ணில் காட்டக்கூடாது. காரணம் கேட்டால் ஆயிரம் சொல்வாள். அத்தனையையும் வடிகட்டிப் பார்த்தால் மிஞ்சுவது பொறாமைதான்.

பாதர்ஸ்ட் வீதியில் இருந்த யூத முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் மக்டலீன்தான் மூத்த சமையற்காரி. நகரத்தின் மறுகோடியிலுள்ள ஸ்காபரோவிலிருந்து பஸ்ஸும் சப்வே ரயிலும் மாறி, விடிவதற்கு முன்பே வந்துவிடுவாள். இறைச்சிக்கு ஒரு சட்டி, பாலுக்கு வேறு சட்டி, கரண்டிகூட ஒன்றையொன்று தொடக்கூடாது என்கிற அந்த விதிகளெல்லாம் மன்னாரிலிருந்து வந்த இந்தக் கத்தோலிக்கப் பெண்ணுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அடுப்பை மூட்ட மட்டும் அவளுக்கு உரிமை இல்லை. நெருப்பை ஒரு யூதரின் கை மூட்டவேண்டும். அதற்குப் பிறகு யார் கிண்டினாலும் யார் பொரித்தாலும் குற்றமில்லை.

அந்தக் கை ரைசாவின் கை. மொஸ்கோவிலிருந்து வந்தவள். ஒழுங்காக ஒரு முட்டை அவிக்கத் தெரியாது. ஊரில் பன்றி இறைச்சியைச் சப்புக்கொட்டித் தின்றதாகக் கூச்சமில்லாமல் சொல்வாள். தன் சமயத்தின் சமையல் விதிகளையே மக்டலீனிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள். அப்படிப்பட்டவள் வந்து நெருப்புக்குச்சியைக் கிழிக்கும்வரை மக்டலீன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். தங்கைமார் விஷயத்தைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. மக்டலீனின் தங்கை அன்ரனெற் கொழும்பில் ஒரு லொட்ஜில் அடைந்து கிடந்தாள். போர்க்காலம், இரவானால் பொலிஸ் வந்து கதவைத் தட்டும். அவளை இங்கே கூப்பிட மக்டலீன் ஏறாத படி இல்லை, பிடிக்காத காலில்லை. ஒன்றும் நகரவில்லை. ரைசாவின் தங்கை இன்னும் மொஸ்கோவில்தான் இருந்தாள். அவளுக்கோ இங்கே யூத சங்கம் ஒன்று ஸ்பொன்சர் செய்யவும் வீடு பார்த்துக் கொடுக்கவும் ஆயத்தமாக நின்றது. அவள் ஓம் என்றால் போதும். அவள் இழுத்தடித்துக்கொண்டிருந்தாள்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை. யூதரின் ஹனுக்கா பண்டிகை நாட்கள். மத்தியானத்துக்கு உருளைக்கிழங்கைத் துருவி எண்ணெயில் பொரிக்கவேண்டும். மக்டலீன் ஒரு பெரிய சட்டி நிறையத் துருவி வைத்துவிட்டு ரைசாவுக்காகக் காத்து நின்றாள். பாத்திரம் கழுவும் கிளடிஸ், கிழவிகள் இருக்கும் மேல்மாடியிலிருந்து ஓடிவந்தாள்.

"அக்கா, ரஷ்யாவில எலெக்ஷனாம். யூதரைத் திட்டித் திரியிறவன்ர கட்சி முன்னுக்கு வந்திட்டுதாம். மேல ஒருத்தரும் தேத்தண்ணிகூடக் குடிக்கேல்லை. ரீவிக்கு முன்னால குந்திக்கொண்டு அழுகினம்."

"அப்ப ரைசாவின்ர தங்கச்சிக்கு இனி ஒரு கவலையும் இல்லை," என்றாள் மக்டலீன்.

"என்னக்கா சொல்லுறியள்?"

"இனி ஓடி வந்திடுவாளெல்லே. எங்கட நாட்டிலயும் எத்தினை எலெக்ஷன் வந்து போச்சு. ஆர் வெண்டாலும் அடி எங்களுக்குத்தான். ஆராவது வந்து, மக்டலீன், உன்ர தங்கச்சி என்ன செய்யிறாளெண்டு ஒரு சொல்லுக் கேட்டவையே? குடுத்து வைச்சவள் ரைசா."

அடுத்தவளுக்கு வந்த கெட்ட காலத்தைப் பார்த்தும் ஒருத்திக்கு வயிறு எரியுமா? மக்டலீனுக்கு எரிந்தது. நாலுபேர் ஓடிவந்து உதவ, அப்படியொரு தேர்தல் முடிவு தன் தங்கைக்கு வந்திருக்கக்கூடாதா என்றுகூட நினைத்தாள்.

ரைசா கோட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். அதற்குள் அலுவலகப் பெண் வந்து அவளுடைய தோளை அணைத்து, தங்கையோடு உடனே பேசு, எங்கள் போனிலேயே பேசு என்று கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அடுப்பு மூட்டப்படவில்லை. துருவிய கிழங்கு கறுக்கத் தொடங்கியது. மக்டலீன் வாசலைப் பார்த்தாள், கிழங்கைப் பார்த்தாள். அந்தத் தோளணைப்புத்தான் திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் வந்தது. வேலையை விட்டுவிட்டுப் போனவள் அகப்படட்டும் என்று, நெருப்புக்குச்சியைக் கிழித்துத் தானே அடுப்பை மூட்டினாள். எண்ணெய்ச் சட்டியைத் தூக்கி வைத்தாள்.

"ஐயோ அக்கா!" என்று கிளடிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சமையலறை விதிகளைக் கண்காணிக்கும் மென்டல் கிழவர் சரியாக அந்த நேரம் பார்த்து நுழைந்தார். அடுப்பு எரிகிறது, ரைசாவைக் காணவில்லை. யார் மூட்டியது என்று கேட்டார். ரைசா அடுப்பை விட்டுவிட்டுப் போய்விட்டாள், அதனால்தான் நான் மூட்டினேன் என்று சொல்ல மக்டலீன் வாயைத் திறந்தாள்.

"நான்தான்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ரைசா. அழுது சிவந்த கண்ணோடு வந்து மக்டலீனின் பக்கத்தில் நின்றாள். தனக்கு உதவத்தான் மக்டலீன் அடுப்பை மூட்டினாள் என்று அந்தப் பேதை நம்பிவிட்டாள்.

மக்டலீனுக்கு உடம்பு கூசியது. மேலே இருக்கும் கிழவிகள் ரைசா மூட்டிய நெருப்பென்று நம்பித்தானே சாப்பிடுகிறார்கள்.

"இல்லை, நான்," என்றாள்.

மென்டல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டியை எட்டிப் பார்த்தார். "நல்ல காலம், எண்ணெய் மட்டும்தான். கிழங்கு விழுந்திருந்தால் எல்லாம் குப்பைக்குத்தான்," என்று அடுப்பை அணைத்தார். "ரைசா, நீ மூட்டு." என்றுவிட்டு வெளியே போனார்.

ரைசா நெருப்புக்குச்சியைக் கிழித்தாள். முதல் குச்சி முறிந்தது, அடுத்ததும் முறிந்தது.

"எப்போது வருகிறாளாம்?" என்று மக்டலீன் தன் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டாள். கேட்கும்போதும் பொறாமை விட்டுப் போகவில்லை.

"வரமாட்டாளாம்."

"இவ்வளவு நடந்த பிறகுமா?"

"அவளுடைய புருஷன் யூதன் இல்லை. நேற்று அந்தக் கட்சிக்குத்தான் வோட்டுப் போட்டானாம். அதை அவளே சொல்கிறாள். அவர் இருக்கும்போது எனக்கு என்ன வரும் என்று கேட்கிறாள். இனிப் போன் எடுக்காதே, அவருக்குப் பிடிக்கவில்லை என்கிறாள்." ரைசா மூக்கை உறிஞ்சினாள். "உன் தங்கை? கூப்பிட்டால் வருவாளா?"

"இன்றைக்கு விசா கொடுத்தால் செருப்பும் போடாமல் ஓடி வருவாள்."

ரைசா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வை என்னவென்று மக்டலீனுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. இவ்வளவு காலமும் தான் ரைசாவைப் பார்த்து வந்த பார்வை அது.

"நீ கொடுத்து வைத்தவள்," என்றாள் ரைசா.

யாரைப் பார்த்து என்ன சொல்கிறாய் என்று கத்த வேண்டும் போலிருந்தது மக்டலீனுக்கு. ஆனால் இன்னொரு குச்சியை எடுத்து ரைசாவின் விரல்களுக்குள் வைத்தாள். அவள் கிழிக்கும்போது இதுவும் முறியாமல் இருக்க, மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.