பேராசிரியை மஞ்சுளா புகழ்ந்து பேசியது

ஆத்தூருக்குத் துறைமுகம் வந்தது ஓர் ஆடி மாத வியாழக்கிழமை. கடல் வழக்கம்போல் கடலூர்ப் பக்கமே இருந்தது. துறைமுகம் மட்டும் வந்தது. வெளிநாட்டு அரசாங்கம் ஒன்று நடத்தும் தமிழ்ச் செய்திச் சேனல், தன் நாடு அங்கே துறைமுகம் கட்டிக்கொடுத்துவிட்டதாக முந்தின நாள் மாலை சொல்லியிருந்தது. விடிந்ததும் மரவள்ளிக் காட்டுக்குள் கிரேன்கள் நின்றன. ஜவ்வரிசி வியாபாரிகள் போய்ப் பார்த்துவிட்டு, மூட்டை அடுக்க நல்ல நிழல் என்றார்கள். அதன் பிறகு அந்தச் சேனல் சேலம் ஜில்லாவைப் பற்றி எந்தப் பொய்யைச் சொன்னாலும் மறுநாள் அது நடந்தது.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் குடியிருந்த மஞ்சுளா, கல்லூரியில் அரசியல் பாடம் நடத்துபவள். பொய்ச் செய்தி மக்களாட்சியை அரித்துவிடும், சேனலைத் தடைசெய்யச் சொல்லி அரசுக்குத் தீர்மானம் அனுப்ப வேண்டும் என்பது அவள் கட்சி. அதே துறையின் குமரகுருவோ, எதைப் பார்ப்பது என்று சனங்களே முடிவு செய்யட்டும் என்பவர். கருத்தரங்குக்குக் கருத்தரங்கு மோதிக்கொண்டார்கள்.

“ஏனுங்க மேடம், நடந்துபோனதை எப்படிங்க பொய்யின்னு சொல்லுவீங்க?”

“சொன்னப்ப அது பொய்தானுங்களே சார்!”

இதற்கு விடை தெரியாமலே இரண்டு வருடம் போயிற்று. கடைசியில் தடைத் தீர்மானத்தின் மேல் கல்லூரி அரங்கில் வாக்கெடுப்புக்கு நாள் குறித்தார்கள். முந்தின மாலை சேனல் அறிவித்தது: பேராசிரியை மஞ்சுளா நாளை எங்கள் நாட்டை மனமாரப் புகழ்ந்து பேசுவார்.

மஞ்சுளா சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தாள். இத்தனை வருடம் சம்பாதித்த பேர் ஒரே மேடையில் போய்விடும்.

“பேசாம லீவு போட்டுரு” என்றார் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி ஓட்டும் அவள் கணவர் காளியண்ணன்.

“ஊட்ல இருந்தா ஊட்லயே புகழ்ந்துட்டுக் கெடப்பேன். போயிட்டு வாரேனுங்க.”

மேடையில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். புகழ் தொண்டை வரை வந்து முட்டியது. வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தாள். எந்த மொழியில் என்று சேனல் சொல்லியிருக்கவில்லை. வந்தது அந்த நாட்டு மொழி. ரிக் பாறையில் இறங்குவதுபோன்ற சத்தம். அவள் ஒருநாளும் படித்திராத அந்த மொழியில், அவர்களுடைய கோதுமையையும் ரயில்களையும் கண்ணீர் மல்கப் புகழ்ந்தாள். அரங்கில் ஒருவருக்கும் ஒரு சொல் புரியவில்லை. குமரகுரு எழுந்து கைகூப்பினார்.

“போதுமுங்க மேடம். என்ன இருந்தாலும் ஒரு நாட்டை இப்படி வையக் கூடாதுங்க. தடையே பண்ணிக்கலாம்.”

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. சேனலும் நின்றது. மொழி மட்டும் மஞ்சுளாவிடமே தங்கிவிட்டது. கோபம் வந்தால் அதுதான் வாயில் வரும். அவள் ஆரம்பித்ததுமே காளியண்ணன் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவார். அவளோ அந்நாட்டு அணைக்கட்டுகளைப் பாராட்டிக்கொண்டிருப்பாள்.