இல்லை என்றால் மறையட்டும்

நகராட்சியின் புதிய இணையப் படிவத்தில் "மாடி உண்டா?" என்ற கேள்விக்குத் தையல்காரர் "இல்லை" என்று தட்டிய அன்று சாயங்காலமே அவர் வீட்டு மாடி காணாமல் போனது. படிக்கட்டு மட்டும் மேலே ஏறி, கூரையில் தலை முட்டி நின்றது. "ஆம்" என்றால் மாடியைப் பற்றி வரிசையாகக் கேள்விகள் வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சோம்பல்பட்டுத்தான் பொய் சொன்னார். பெருக்குகிற இடம் குறைந்தது என்று அவர் மனைவி நிம்மதிப்பட்டாள். எதிர்வீட்டுக்காரர் கைதவறி "நாய் உண்டு" என்று தட்ட, ஒரு செவலை நாய் வந்து வாசலில் படுத்தது. அவர் அதட்டியதும், பல வருஷம் பழகியதுபோல் காதை மடக்கிக்கொண்டது.

அந்தப் படிவத்துக்கு விதிகள் போட்டவளை அலுவலகத்தில் நிபந்தனைக்காரி என்பார்கள். ஆம் என்றால் அடுத்த கேள்விகள் தோன்றட்டும், இல்லை என்றால் மறையட்டும். அவள் வேலை அதுதான். அனுமார் வால் மாதிரி நீண்டு கிடந்த படிவம் அவள் கைபட்டு ஆளுக்குத் தகுந்தபடி சுருங்கியது. மாடி விஷயம் காதில் விழுந்ததும் மேலாளரிடம் ஓடினாள்.

"யாராச்சும் புகார் குடுத்தாங்களா?" என்றார் அவர்.

"இல்ல சார்."

"அப்புறம் என்ன? நல்லா ஓடுற வண்டியில எதுக்குக் கைய வைக்கிறீங்க?"

அவளுக்கு ஒரே அண்ணன். அப்பா படுக்கையில் விழுந்தபோது அண்ணனை ஒரு வார்த்தை கேட்காமல் அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாள். அப்பா அங்கேயே கண்மூடினார். அண்ணன் வந்து சேர்வதற்குள் உயிர் போயிருந்தது. அதோடு பேச்சுவார்த்தை நின்றது. ஊரார் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த அந்த வாரம் ஏனோ மனசு கேட்காமல் அவன் வீட்டுக்குப் போய் மணியை அழுத்தினாள். கதவு திறந்தது. அண்ணனின் கண் அவளைத் தாண்டித் தெருவைப் பார்த்தது.

"யாருங்க?" என்று உள்ளேயிருந்து அண்ணி கேட்டாள்.

"யாருமில்ல. எவனோ மணிய அடிச்சிட்டு ஓடிட்டான்."

"அண்ணா, நான்தான்," என்றாள் அவள். கொசு கத்தியதுபோல் அவன் காதைத் தேய்த்துக்கொண்டான். அவன் தோளுக்குப் பின்னால், கூடத்துச் சுவரில், அவர்கள் சின்ன வயதுப் படம் தெரிந்தது. ஒரு பக்கம் அண்ணன். மறுபக்கம் அப்பாவின் கை, ஒரு சிறுமியின் தோள் உயரத்தில், வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. கதவு சாத்தப்பட்டது.

"உடன்பிறந்தோர் உண்டா?" என்ற கேள்விக்கு அவன் என்ன பதில் தட்டியிருப்பான் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறைத்தது அழிந்தது ஆகாது, விதியை எடுத்தால் திரும்ப வரும். அவள் தொழிலில் அது பாலபாடம். ஆனால் ஒருவனுக்கு மட்டும் விதியை எடுக்க முடியாது. உடன்பிறப்பே இல்லாதவர்களுக்கும் அந்தக் கேள்விகள் இனித் தோன்றும். அலுவலகத்தில் உட்கார்ந்து வெகுநேரம் திரையையே பார்த்தாள். பிறகு எடுத்துவிட்டாள்.

மறுபடி அவன் வாசலுக்குப் போய், மணியை அழுத்தத் தயங்கி நின்றாள். இந்த முறை தற்செயலாகக் கதவைத் திறந்த அண்ணன் திடுக்கிட்டான். "எவ்வளவு நேரமா நிக்கிற? மணி அடிக்க வேண்டியதுதானே?"

"என் மேல அவ்வளவு கோவமா அண்ணா, இல்லவே இல்லைன்னு போடுற அளவுக்கு?"

"அதுவா? ஆமான்னு போட்டா பேரு, வேலை, அட்ரஸ்னு கேட்டுக்கிட்டே போகும்னாங்க. நீ வீடு மாத்தினதுக்கப்புறம் உன் அட்ரஸ் எனக்குத் தெரியாது. அதான்."

கோபம் என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். அண்ணி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, தெருப் பெயரிலிருந்து தொடங்கி விலாசத்தை மெதுவாகச் சொன்னாள். அவன் தலை குனிந்து போனில் குறித்துக்கொண்டான்.

திரும்பி வரும்போது, ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவர்களின் வாசல்களில் எல்லாம் ஆளுக்கொரு பையோடு யாரோ நின்றிருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் தன் கடை வாசலில் தன்னுடைய அதே முகவாய்க்கட்டையோடு ஒரு பெண் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னடா, இப்படி இளைச்சிட்ட?" என்றாள் அவள். அவர் வழிவிட்டார். படிவம் மறுபடி நீளமாகிவிட்டதென்று சில நாளில் புகார்கள் வந்தன. விதியைத் திரும்பப் போடச் சொன்னார் மேலாளர். போட்டால் இவர்கள் எங்கே போவார்கள் என்று யோசித்து, நிபந்தனைக்காரி நாளைக் கடத்தினாள், மேலாளரும் மறந்துபோனார்.

அதற்குள் அந்தப் பெண் மருந்துக்கடையில் காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் மாத்திரை எடுத்துக் கொடுக்கப் பழகியிருந்தாள். கூட்டம் இல்லாத மத்தியானங்களில், சின்ன வயதில் அவர் கட்டிலுக்கடியில் தன்னந்தனியாக ஆடிய, யாரிடமும் சொல்லாத ஆட்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, எல்லாவற்றிலும் தானும் கூடவே ஆடினேனே என்பாள். அவர் கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட்டு, ஆமாம் என்பார்.