அல் கூஸ் எந்த மண்டலம்?

அமீரகத்தில் படிக்கும் தமிழ் மாணவர்கள் சேர்ந்து ஒரு சேவைக் குழு நடத்தினார்கள். தொழிலாளர் கேம்ப்களுக்குப் போய், மொழி தெரியாதவர்களுக்கு ஆஸ்பத்திரியில் துணை நிற்பதுதான் முக்கிய வேலை. 2007இல் ஆட்கள் பெருகவே, குழுவை மண்டலங்களாகப் பிரித்தார்கள்.

தலைவன் வெங்கட்ராமன் கொண்டுவந்த வரைபடத்தைப் பார்த்ததுமே அஃபீஃபாவுக்கு எரிச்சல் வந்தது. அவள் ஷார்ஜாவின் ரோலா பகுதியில் இருப்பவள், ஷார்ஜா மண்டலப் பொறுப்பாளர். துபாயில் இருக்கும் அல் கூஸை ஷார்ஜாவோடு சேர்த்திருந்தான்.

“வெங்கட், இத எதுக்கு எங்க தலையில கட்டுறே?”

“ஷார்ஜாலதான் மெம்பர்ஸ் அதிகம். கேம்ப்பும் அதுக்கேத்த மாதிரி இருக்கணும்ல? கணக்கு ஃபேரா வருது.”

“சனிக்கிழமை காலையில ரோலா பஸ் க்யூவுல நின்னு பாரு, உன் கணக்கு தெரியும்.”

கை தூக்கச் சொன்னார்கள். அவள் தோற்றாள்.

அல் கூஸ் கேம்ப்பில் சோலைமுத்து என்று ஒருவர். சாரத்திலிருந்து விழுந்து கை முறிந்தவர். தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. அந்தச் சனிக்கிழமை அவருடன் டாக்டரிடம் போக, அஃபீஃபா தம்பி அஸீமையும் கூட்டிக்கொண்டு விடியற்காலையிலேயே கிளம்பினாள். நெரிசலில் சிக்கி, பஸ் மாறி அவர்கள் போய்ச் சேர்வதற்குள் காலையில் கொஞ்ச நேரமே திறக்கும் கிளினிக்கை மூடிவிட்டார்கள்.

“டாக்டரு இந்தியில என்னமோ கேட்டாரு தாயி. எல்லாத்துக்கும் அச்சா அச்சான்னேன்” என்றார் சோலைமுத்து. “திங்கக்கிழமை டூட்டிக்குப் போகச் சொல்லிட்டாக. வெரலு மடங்கவே மாட்டேங்குது.”

அங்கிருந்தே குழுவின் துபாய் மண்டலத்து அருள்ராஜுக்குப் போன் போட்டாள். அவன் வீடு கேம்ப்புக்குப் பக்கத்தில்தான்.

“நீ போயிருக்கலாம்ல?”

“அடுத்த மண்டலத்துல தலையிடக் கூடாதுன்னு வெங்கட் மெயில் போட்டிருக்கானே!”

மறுநாள் ஞாயிறு, அங்கே வேலை நாள்; வகுப்பை விட்டுவிட்டு அவளே மறுபடி வந்தாள். டாக்டரிடம் வாதாடி, எக்ஸ்ரே எடுக்க வைத்து, லீவை நீட்டி வாங்கினாள். அடுத்த கூட்டத்தில் நடந்ததையெல்லாம் சொன்னாள்.

வெங்கட்ராமன் பொறுமையாகக் கேட்டான். “நியாயம்தான். அல் கூஸ ஷார்ஜாலேருந்து எடுத்தாச்சு.”

“துபாய்ல சேத்தாச்சா?”

“அவங்களுக்கும் லோடு கூடிடும். அத பொதுப் பகுதியா வச்சிட்டோம். யாரு வேணாலும் போகலாம்.”

“அப்போ யாரு போவா? ஒரு பேரு சொல்லு!”

அவன் வரைபடத்தைச் சுருட்டினான். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

படிக்கட்டில் அருள்ராஜ் ஓடிவந்தான். “இனிமே நான் போறேன் அஃபீஃபா. உள்ள சொல்லிராதே.”

“ஏன்டா?”

“சொன்னா என்னைப் பொறுப்பாளரா போட்டுருவாங்க.”

அவனை அறையலாம்போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சோலைமுத்துவின் போன் நம்பரைச் சொன்னாள். அவன் தப்பாகக் குறித்துக்கொண்டான். இன்னொரு முறை சொன்னாள்.