உறை கேட்டுப் போனவள்

தொட்டியில் நுரை வெள்ளையாக நின்றது. குனிந்து மோந்து பார்த்தாள். தினமும் வரும் ஈர மண் வாசனை இல்லை. மூக்கை அறுக்கிற மருந்து நெடி.

"என்னங்க, இதுல எதையாவது கொட்டுனீங்களா?"

குடியிருப்பின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையத்துக்கு அவள்தான் ஆபரேட்டர். வேலை போன கணவரை உதவிக்கென்று அவளே சேர்த்துவிட்டிருந்தாள். அவர் விளக்குமாறும் கையுமாகப் பெருமையோடு வந்தார்.

"பிளீச்சிங் பவுடர், ஒரு மூட்டை. ஒரே நாத்தம். நாளைக்கு நீ நிம்மதியா ஊருக்குப் போகணும்ல?"

மகளுக்குக் குழந்தை பிறந்து இன்னும் முகம் பார்க்கவில்லை. கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய லீவு, காலையில் பஸ். கத்தக்கூடத் தெம்பில்லாமல் படியில் உட்கார்ந்தாள்.

"சுத்தம் பண்றதே அதுக்குள்ள இருக்கற உயிருங்கதாங்க. கண்ணுக்குத் தெரியாது. நம்ம அழுக்கைத் தின்னு, காத்தைக் குடிச்சு வாழுதுங்க. அதுங்க சோத்துல விஷம் வச்சிட்டீங்க."

அவர் முகம் சுண்டிப்போனது. "அப்ப இந்தத் தண்ணி?"

"பின்னால குளத்துக்குப் போகும். மீன் செத்து மிதக்கும்."

வெளியேறும் வால்வை மூடினாள். ஆனால் மாடி வீடுகளின் குழாய்களை யார் மூடுவது? எப்படியும் நாளை மாலைக்குள் தொட்டி நிரம்பிவிடும். அடுத்த தெரு நிலையத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, இரண்டு கேன்களோடு நடந்தாள்.

"வாம்மா! தொட்டியையே குளிப்பாட்டிட்டாராமே உங்க வீட்டுக்காரர்? தயிருக்குக் கேக்கற மாதிரி உறை கேட்டு வந்தியாக்கும்?" என்றார் அங்கிருந்த ஆபரேட்டர்.

"சிரிங்கண்ணே. உறைக்குத்தான் வந்தேன்."

சிரித்துக்கொண்டே அவர் தன் தொட்டியிலிருந்து, அந்த உயிர்கள் மண்டிக் கிடக்கும் பழுப்புச் சேற்றை இரண்டு கேன்களிலும் தளும்பத் தளும்ப மொண்டு ஊற்றினார்.

திரும்பி வந்ததும் கணவர் ஒரு கேனைத் தூக்கினார். அவள் கையைப் பிடித்தாள்.

"நெடி போகட்டும். இப்பவே ஊத்துனா இதுவும் சாகும். மூடியத் திறந்து வைங்க, மூச்சு முட்டும் அதுங்களுக்கு."

காற்றடிக்கும் மோட்டார் இரைந்துகொண்டே இருந்தது. இருட்டுவதற்குள் நெடி அடங்கியது, ஊற்றினார்கள்.

விடிந்ததும் கண்ணாடி ஜாடியில் தொட்டித் தண்ணீரை மொண்டு வைத்தாள். உயிர் பிடித்திருந்தால் சேறு அடியில் படிந்து மேலே தண்ணீர் தெளியும். வெகுநேரம் கலங்கலாகவே இருந்தது. பிறகு அடியில் விரல் கனத்துக்குப் பழுப்பு படிந்தது. மேலே இன்னும் தெளியவில்லை.

"பிடிச்சிக்கும்போல இருக்கே! நீ கிளம்பு, நான் பாத்துக்கறேன்" என்றார் அவர்.

அவர் பார்த்துக்கொள்வார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. பையை எடுத்து அவர் தோளில் மாட்டினாள்.

"நீங்க போங்க. பிள்ளையத் தூக்கிப் பாருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், குளிப்பாட்டி மட்டும் விட்டுடாதீங்க."

அவர் போன பிறகு ஜாடியை மூக்கருகே கொண்டுபோனாள். மண் வாசனை வருவது போலவும் இருந்தது, வராதது போலவும் இருந்தது. நாற்காலியைத் தொட்டியோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.