பச்சைத் துணிக்குக் கீழே

எவர்சில்வர் தட்டு, அதன்மேல் பச்சைத் துணி, துணியின் ஓரம் நனைந்திருக்கிறது, ஆபரேஷன் தியேட்டர் கதவைப் பாதி திறந்துகொண்டு டாக்டர் நிற்கிறார், எதிரே என் மனைவி உலகம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, இந்தாங்கம்மா, உங்க வீட்டுக்காரர் வயித்துல இருந்து எடுத்தது, பாத்துக்கோங்க, என்று அவர் துணியை விலக்குகிறார், அந்த இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது, இதை நான் பார்க்கவில்லை, பார்த்திருக்கவும் முடியாது, அந்நேரம் நான் உள்ளே மயக்கத்தில் கிடக்கிறேன், என் வயிற்றைத் தைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஆனாலும் கூடவே நின்றது போலத்தான் இருக்கிறது, துணிக்குக் கீழே என்ன இருந்தது என்பது மட்டும் தெரியவில்லை, அது உலகம்மாளுக்குத் தெரியும், அவள் மறைக்கிறாள்.

மறைக்கிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும், அரசு பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், டிக்கெட் எடுக்காதவன் திடீரென்று ஜன்னல் வழியாகப் பருத்திக்காட்டை ரசிக்க ஆரம்பித்துவிடுவான், ஆனால் முதலில் மறைத்தவன் நானே, வெளிக்கிப் போகும்போது ரத்தம் பார்த்தேன், யாரிடமும் மூச்சு விடவில்லை, வண்டியில் உட்கார்ந்தே பிழைத்தவனுக்கு மூலம் வராமல் என்ன செய்யும், பஸ் ஸ்டாண்ட் சுவரெல்லாம் மூலம் பவுத்திரம் என்று எழுதிப்போட்டிருக்கிறார்களே, அப்படி ஒருவரிடம் போய் லேகியம் வாங்கித் தின்றேன், சில நாள் போகவே போகாது, சில நாள் நிற்காது, போவதும் சுண்டுவிரல் கனத்துக்குத்தான், இதில் வயிறு வேறு உப்பிக்கொள்ளும், சமையல் எண்ணெயை மாத்திட்டியா என்று உலகம்மாளிடம் சண்டைக்குப் போனேன், அவள் என் சட்டைக் காலரைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இது உங்க சட்டைதானா, உள்ள இன்னொரு ஆளு போவாரு போலிருக்கே, என்றாள், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், மறுநாளே மதுரைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

உப்புக்கரிக்கிற தண்ணீரைக் குடம் குடமாகக் குடிக்கவைத்துக் குடலைக் கழுவி, பின்பக்கமாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், துளி சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், இடதுபக்கப் பெருங்குடல்ல கேன்சர் இருக்கு, ஆபரேஷன் பண்ணிடலாம், என்று டாக்டர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார், அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது, நம் பக்கத்தில் யார் இதைச் சீக்காளியிடம் நேராகச் சொல்கிறார்கள், சின்னதைச் சொல்லிப் பெரியதை மறைக்கிறார், வேறு என்ன, கட்டியோட ரெண்டு பக்கமும் நல்ல குடல் கொஞ்சம், அதை ஒட்டுன நெறிக்கட்டி எல்லாம் சேத்து எடுத்துட்டு, ரெண்டு முனையையும் இணைச்சுடுவோம், இணைப்பு ஆற நேரம் வேணும்னு தோணினா கொஞ்ச நாளைக்கு மலம் வெளிய வர வயித்துல ஒரு பை வைப்போம், என்று அவர் சொல்ல, நர்ஸ் வந்து பை வரவேண்டிய இடத்தில் மையால் ஒரு வட்டம் போட்டாள், மயக்கம் தெளிந்ததும் என் கை அந்த வட்டத்தைத்தான் தேடியது, பை இல்லை, சந்தோஷப்பட வேண்டியவன் விறைத்துப்போனேன், பை இல்லையென்றால் எதையும் வெட்டி எடுக்கவில்லை என்றுதானே அர்த்தம், திறந்து பார்த்துவிட்டு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அப்படியே மூடிவிட்டார்கள், இப்படி மூடி அனுப்பப்பட்ட இரண்டு டிரைவர்களை எனக்குத் தெரியும், இரண்டு பேருக்கும் நான் மாலை போட்டிருக்கிறேன்.

எடுத்தாங்களா, என்றேன், எடுத்தாங்க, நானே பாத்தேன், என்றாள் உலகம்மாள், எம்புட்டு இருந்துச்சு, என்றேன், எலுமிச்சங்காய் கணக்கா இருந்துச்சு, என்றாள், தினமும் காலையில் டாக்டர் வந்து, காத்து பிரிஞ்சுதா, என்று கேட்கிறார், வயிறு உறங்குகிறதாம், அது விழிக்கவேண்டுமாம், ஒருநாள் பிரிந்தது, உலகம்மாள் பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள், அந்தச் சிரிப்போடு சிரிப்பாகக் கேட்டேன், எம்புட்டு இருந்துச்சுன்னு சொன்னே, கொய்யாக்கா கணக்கா, என்றாள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், அவ்வளவுதான், நெறிக்கட்டியில் ஒன்றுமில்லை, பரவவில்லை என்று டாக்டர் பிறகு வந்து சொன்னதும் எனக்குள் இறங்கவில்லை, வீட்டுக்கு வந்தும் கேட்டேன், சோற்றைப் பிசையும்போது கேட்டேன், ஒருநாள் சிவப்பாக இருந்தது என்றாள், ஒருநாள் கறுப்பு என்றாள், ஒருநாள் அவள் தட்டை வைத்துவிட்டு எழுந்தே போய்விட்டாள், சாகப்போகிறவனிடம் இத்தனை பொய்யா, எனக்குக் கோபம் கோபமாக வந்தது, பயம் அதைவிட அதிகமாக வந்தது.

இன்றைக்கு மறுபரிசோதனை, டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டே பேசுகிறார், உங்களுக்கு வந்தது உருண்டையான கட்டி இல்ல சார், குடலைச் சுத்தி மோதிரம் போட்ட மாதிரி இறுக்கி இருந்துச்சு, வெளிக்கி ஒல்லியாப் போயிருக்குமே, நீங்க சொல்லவே இல்லையே, என்றார், எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, சுண்டுவிரல் கதையை வெட்கப்பட்டு நான் எவரிடமும் சொன்னதில்லை, இவரிடமும் சொன்னதில்லை, கையில் எடுத்துப் பார்க்காமல் இவருக்கு எப்படித் தெரியும், அப்படியானால் எடுத்திருக்கிறார்கள், அப்படியானால் எலுமிச்சங்காய் ஏது, கொய்யாக்காய் ஏது.

கோவில்பட்டி பஸ்ஸில் உட்கார்ந்ததும் கேட்டேன், மோதிரம் கணக்கா இருந்துச்சாமே, உலகம்மாள் மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், வண்டி நகர்ந்த பிறகு, நான் பாக்கவே இல்லங்க, என்றாள், அவரு துணிய எடுக்கையில கண்ண இறுக்க மூடிக்கிட்டேன், பாத்தாச்சாம்மான்னாரு, பாத்தாச்சுன்னு தலைய ஆட்டுனேன், அத அங்கிட்டுக் கொண்டு போங்க சார், ஆளக் காட்டுங்கன்னேன், பாக்கலன்னு சொன்னா ஒண்ணுமே எடுக்கலன்னு நீங்க நெனச்சுக்கிட்டுச் சாப்பிடாமக் கெடப்பீங்க, அதான் வாய்க்கு வந்ததச் சொன்னேன், என்ன சொன்னோம்னு எனக்கே மறந்துபோச்சு, நீங்களும் விடாமக் கேட்டா நான் எந்தக் காயத்தான் சொல்ல, என்று அழுதாள், எனக்குச் சிரிப்பு வந்தது, என்னைவிட அவள்தான் பயந்து கிடந்திருக்கிறாள், நான் அவளைப் போய்க் குடைந்துகொண்டே இருந்திருக்கிறேன், நம்புதேன் என்றேன், அவள் நம்பவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை என் கையில் திணித்து, டாக்டருக்கே போட்டு, உங்க பொண்டாட்டி கண்ண மூடித்தான் நின்னாளான்னு கேட்டுக்கிடுங்க, என்றாள், நான் போனை வாங்கி அவள் பைக்குள்ளேயே போட்டேன், வேண்டாம் உலகு, என்றேன்.