ஏழாவது பத்தி

அச்சகத்தில் அவரைப் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். புரூஃப் பார்ப்பது அவர் வேலை. மருந்து டப்பாவின் லேபிளோ பள்ளிக்கூடப் புத்தகமோ, அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு புள்ளிகூட வெளியே போனதில்லை. அதில் அவருக்குத் தலைக்கனமும் உண்டு. பேருந்தில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தில் பிழை இருந்தால் பக்கத்து இருக்கைக்காரரை முழங்கையால் இடித்துக் காட்டுவார். முன்பின் தெரியாத மனிதர் என்னதான் செய்வார்? மரியாதைக்குத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்வார்.

பிழை பார்ப்பவர்கள் படிக்கிற விதமே வேறு. அர்த்தத்துக்குள் நுழைந்தால் கண் ஏமாந்துவிடும். விட்டுப்போன எழுத்தை மனசே நிரப்பிக்கொண்டு மேலே ஓடிவிடும். அதனால் எழுத்தெழுத்தாக, சமயத்தில் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிக்கூடப் படிப்பார்கள். இவர் இருபத்தாறு வருடமாக அப்படிப் படிக்கிறவர். ஒருமுறை சமையல் புத்தகம் ஒன்றை முழுக்கப் பார்த்துக் கொடுத்துவிட்டு வந்து, அதில் என்னென்ன இருந்தது என்று மனைவி கேட்டபோது திருதிருவென்று விழித்தார். அவள் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் ஃபோர்மேன் ஒரு கட்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டார்.

"கிரெடிட் கார்டு கம்பெனியோட விதிமுறைப் புத்தகம். மறுபதிப்பு. ரெண்டு மூணு இடத்துலதான் மாத்தம் இருக்காம். பழைய புரூஃபையும் வெச்சிருக்கேன், ஒத்துப் பாத்துக்குங்க."

பழைய புரூஃபைப் பார்த்ததும் அவரேதான். இரண்டு வருடத்துக்கு முந்தையது. பக்கத்துக்குப் பக்கம் மூலையில் சிவப்பு மையில் அவருடைய சுருக்கொப்பம். ஏழாவது பத்திக்கு 'ரொக்கம் எடுத்தல்' என்று தலைப்பு. அதில் ஒரு வாக்கியத்தின் முடிவில் முற்றுப்புள்ளி விட்டுப்போயிருந்ததை வட்டம் போட்டுக் காட்டியிருந்தார். இத்தனை சின்னதைக்கூட விடவில்லையே என்று தன்னையே ஒரு கணம் மெச்சிக்கொண்டார். பிறகு, என்னவோ தோன்றி, அந்த வாக்கியம் என்னதான் சொல்கிறது என்று படித்தார்.

கார்டில் எடுக்கும் ரொக்கத்துக்கு வட்டியில்லாக் காலம் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். எடுப்பதற்கான கட்டணம் தனி.

அவருக்குக் காது இரண்டும் சுட்டன. நிமிர்ந்து யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை. பார்த்தாலும் என்ன தெரியும் அவர்களுக்கு? ஆனாலும் அந்தப் பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார்.

ஒன்பது மாதத்துக்கு முன்னால் அக்காவுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. பாதிச் செலவை அத்தான் எப்படியோ புரட்டிவிட்டார். மீதிப் பாதி தம்பியின் பொறுப்பு. மருத்துவமனையின் பணம் கட்டும் இடத்தில் இருந்த பெண், "ஒரேயடியா கட்ட முடியலைன்னா பத்து மாசத் தவணையிலயும் கட்டலாம் சார், வட்டி கிடையாது" என்று தணிந்த குரலில்தான் சொன்னாள். மனைவிகூட அவர் சட்டைக் கையைப் பிடித்து மெல்ல இழுத்தாள். ஆனால் அத்தான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அக்கா கண்ணில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நம்மவருக்கு வீறாப்பு வந்துவிட்டது.

"தவணையா? எங்க அக்காவுக்குத் தவணையில வைத்தியம் பாக்கற அளவுக்கு நான் இன்னும் போயிடலைம்மா."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார். அங்கே இருந்த பண இயந்திரத்தில் கார்டைச் செருகி ஐம்பதாயிரம் எடுத்தார். கடையில் பொருள் வாங்கினால் ஐம்பது நாள் வட்டி இல்லை என்பது அவருக்குத் தெரியும். ரொக்கமும் அதே போலத்தான் என்று நினைத்தார். நினைத்தார் என்ன, அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. புது நோட்டுக் கட்டை அந்தப் பெண்ணின் முன்னால் வைத்தபோது அத்தான் அவர் தோளில் கை வைத்தார். அந்தக் கையின் கனத்துக்காகத்தான் இத்தனையும் என்பதை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

முதல் பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' என்று கொட்டை எழுத்தில் ஒரு சின்ன எண் இருந்தது. அதைக் கட்டினால் தீர்ந்தது என்று கட்டினார். மூன்றாவது மாதம் என்னவோ இடித்தது. கட்டக் கட்ட மொத்தம் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. நான்காவது மாதத்திலிருந்து உறையைப் பிரிப்பதையே விட்டுவிட்டார். கைபேசியில் வரும் குறைந்தபட்ச எண்ணை மட்டும் கட்டிவிட்டு, உறைகளை அச்சக மேசையின் அடி இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். ஊரார் பிழையையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவர், தன் பெயர் போட்ட உறைக்குக் கண்ணை மூடிக்கொண்டார்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின் அந்த உறைகளைப் பிரித்தார். எடுத்த அன்றைக்கே கட்டணமாக ஆயிரத்து ஐந்நூறு ஏறியிருந்தது. மாதம் நூற்றுக்கு மூன்றரை வட்டி. இதுவரை அவர் கட்டியது இருபத்திரண்டாயிரத்துச் சொச்சம். இன்னும் கட்ட வேண்டியது நாற்பத்து நான்காயிரம்.

அந்த இருபத்திரண்டாயிரம் அவருடைய காசும் அல்ல. அதுதான் அவரை அதிகம் உறுத்தியது. மனைவி வீட்டில் தையல் வேலை செய்கிறாள். பழைய உடுப்பைப் பிரித்துச் சரிசெய்வது, கால்சட்டைக்கு ஓரம் மடிப்பது, ஜிப் மாற்றுவது. படுக்கிற அறையில்தான் தையல் மிஷின், கட்டில் மேல்தான் துணி. தெருவைப் பார்த்த ஒரு அறையை வாடகைக்குப் பிடிக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. மாதாமாதம் மிச்சம் பிடித்ததை அவரிடம் கொடுத்து, "உங்க கணக்குல போட்டு வைங்க, என் கையில இருந்தா செலவாயிடும்" என்பாள். அவரும் போட்டார். போட்ட கையோடு எடுத்துக் கட்டினார். சம்பளம் வந்ததும் நிரப்பிவிடலாம் என்று மாதம் தவறாமல் நினைத்தும்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அவள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"முனைவீட்டு அம்மா சரின்னுட்டாங்க! முன்னறை நமக்குத்தான். முப்பதாயிரம் அட்வான்ஸ். வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுத்துடணுமாம். நம்மகிட்ட முப்பத்தி ரெண்டு இருக்குமே, இல்ல?"

"ம்."

"என்ன ம்? சந்தோஷமா ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிக்குமா?" என்றவள் ஒரு தாளை நீட்டினாள். "போர்டுக்கு எழுதியிருக்கேன். தப்பு இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

தாளில் நான்கே வரிகள். தையலகம், என்னென்ன வேலை, கடை திறக்கும் நேரம். எழுத்து எழுத்தாகப் பார்த்தார். ஒரு பிழைகூட இல்லை. இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் பத்து நிமிடம் ஓட்டியிருக்கலாம்.

"பணம் இல்லை" என்றார்.

"எங்க போச்சு?"

மென்று விழுங்கி மென்று விழுங்கி, ஒருவழியாகச் சொல்லி முடித்தார். மருத்துவமனை, இயந்திரம், இழுப்பறை, இன்றைக்கு வந்த விதிமுறைப் புத்தகம், எல்லாவற்றையும். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார்; கத்தினால் தேவலை என்றும் இருந்தது. அவள் கட்டிலின் மேல் கிடந்த துணிகளை ஒதுக்கி உட்கார்ந்தாள்.

"அந்தப் புத்தகம் இருக்கா உங்ககிட்ட?"

பையில் அந்தப் பக்கத்தின் நகல் இருந்தது.

"எனக்குப் படிச்சுக் காட்டுங்க. பிழை பாக்காம படிங்க."

படித்தார். ஏழாவது பத்தியை முதலிலிருந்து கடைசிவரை, பள்ளிப் பையன் போல நின்றுகொண்டே படித்தார். ரொக்கம் பாக்கி இருக்கும்வரை வட்டி நாள்தோறும் ஏறும் என்ற இடத்தில் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் நிறுத்தச் சொல்லவில்லை.

படித்து முடித்ததும் அவள், "அன்னைக்கு நீங்க நோட்டுக் கட்டை எடுத்து வெச்சீங்களே, எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா?" என்றாள். "நாலு மாசம் துணி கொடுக்க வர்றவங்ககிட்ட எல்லாம் சொன்னேன். எங்க வீட்டுக்காரர் தன் அக்காவுக்கு ஒத்தக் கையில கொண்டுபோய்க் கட்டினார்னு. என் காசையே வெச்சு என்னையே பீத்திக்க வெச்சுட்டீங்க."

அவர் குனிந்தபடியே தொடங்கினார்.

"அக்காகிட்ட வேணா கேட்டு..."

"மூச்சு விடக் கூடாது. கொடுத்தது கொடுத்ததுதான். அவங்க கண்ணு அவங்களுக்கு நல்லா இருக்கட்டும்." மிச்சம் இருக்கிற பத்தாயிரத்தை நாளைக்கே அந்தக் கார்டில் கட்ட வேண்டும் என்றாள், மற்றதுக்கு அச்சக முதலாளியிடம் சம்பள முன்பணம் கேட்க வேண்டும் என்றாள். கேட்க வெட்கமாக இருக்கும் என்று அவர் முனகினார். "இருக்கட்டும்" என்றாள். "முனைவீட்டு அம்மாகிட்டயும் நீங்கதான் வந்து சொல்றீங்க."

வெள்ளிக்கிழமை போனார்கள். முனைவீட்டு அம்மா முன்னறையைப் பெருக்கி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அறை வேண்டாம் என்று அவர் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது.

"என்ன இது, ஆசையா கேட்டாளே? ஏன் வேணாங்கறீங்க?"

"திடீர்னு ஒரு செலவு வந்துடுச்சும்மா. அக்காவோட ஆபரேஷன்..." என்று தொடங்கினார். அத்தனைக்குப் பிறகும் வாய் தானாக அந்தப் பக்கம்தான் போயிற்று. மனைவி அவரையே பார்த்தாள்.

அவர் நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார்.

"இல்லம்மா. ஆஸ்பத்திரியில தவணை கொடுக்கறேன்னுதான் சொன்னாங்க. நான் ஜம்பத்துக்குக் கார்டுல காசு எடுத்தேன். அந்த வட்டிக்கு இவ தைச்சுச் சேத்த காசை இவளுக்குத் தெரியாம எடுத்துக் கட்டிட்டேன்."

முனைவீட்டு அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் அப்படியே நின்றார், வேர்த்தது, துடைத்துக்கொள்ளக்கூடக் கை எழவில்லை. மனைவி அறைக்குள் போய்த் தெருப் பக்கத்துச் சன்னலைத் திறந்தாள். தையல் மிஷினை எந்தப் பக்கம் போட்டால் வெளிச்சம் விழும் என்று சிறிது நேரம் பார்த்தாள். பிறகு சன்னலைச் சாத்திக் கொக்கி போட்டுவிட்டு வந்து, "போலாமா?" என்றாள்.