ஏழாம் பயிற்சியின் வாக்கியங்கள்

ஆங்கிலப் பயிற்சிப் புத்தகம் எழுதுவது என் பிழைப்பு. அதில் சரியான வாக்கியம் எழுதுவது பெரிய காரியமில்லை. தப்பான வாக்கியம்தான் உயிரை வாங்கும். மொழி தெரிந்தவர் வேண்டுமென்றே செய்யும் தப்பு நடிப்பு என்று பார்த்ததுமே தெரிந்துவிடும்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமான புதிதில், பழகிக்கொள்ள வேண்டுமென்று எனக்கு ஆங்கிலத்திலேயே மெசேஜ் அனுப்ப ஆரம்பித்தார். "ஐ கேவ் யெஸ்டர்டே டு யுவர் ஃபாதர் த அம்ப்ரெல்லா." நேற்று உன் அப்பாவிடம் குடையைக் கொடுத்தேன் என்பதைத் தமிழில் எப்படிப் புரட்டிப் போட்டாலும் குடி முழுகிப் போகாது. ஆங்கிலத்தில் யாருக்கு, எதை, எப்போது என்று ஒவ்வொன்றும் தன் இடத்தில் நிற்க வேண்டும். அவருடைய 'நேற்று' மட்டும் முந்திக்கொண்டு நடுவில் வந்து உட்கார்ந்துவிடும். அதை அப்படியே எடுத்து ஏழாம் பயிற்சியில் போட்டேன். தவறுகளைத் திருத்துக என்று தலைப்பு.

பதினோரு வருஷம் இப்படித்தான் ஓடியது. அவரைத் திருத்தியிருக்கலாம், ஐந்து நிமிட வேலை. திருத்திவிட்டால் அடுத்த பதிப்புக்கு யாரிடம் போவது என்று கமுக்கமாக இருந்துவிட்டேன்.

என் புத்தகத்தை அவர் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. இந்த வருஷம் அவருடைய கம்பெனியில் சூப்பர்வைசர் ஆக விரும்புகிறவர்களுக்கு ஆங்கில வகுப்பு வைத்தார்கள். பாடப் புத்தகம் என்னுடையது. ஆசிரியர் ஏழாம் பயிற்சியை வாசிக்க, வகுப்பே விழுந்து விழுந்து சிரித்ததாம். குடை வரும்வரை இவரும் சிரித்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் புத்தகத்தை நீட்டினார்.

"இது நான் உனக்கு அனுப்புனதுதானே?"

"ஆமா."

"தப்புன்னு ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

"தப்புன்னே தெரியாதவன் என்னன்னு கேப்பான்?"

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "உங்க பேர் போடலையே" என்றேன்.

அதோடு மெசேஜ் நின்றது. பேச்சும் "பால் இல்ல", "கேஸ் தீந்துடுச்சு" என்ற அளவுக்குச் சுருங்கியது. காலையில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஆங்கிலம் எழுதிப் பழகுவார். நான் பக்கத்தில் போனால் நோட்டைக் கையால் மறைத்துக்கொள்வார், பரீட்சையில் பிள்ளைகள் மறைப்பார்களே, அப்படி. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடக்கிற மாதிரி வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். அவரிடமிருந்து ஒரே ஒரு மெசேஜ் வந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு எப்படியாவது பேசிச் சரிசெய்துவிடலாம் என்று மட்டும் நினைப்பேன்.

புதிய பதிப்புக்குப் பன்னிரண்டு தப்பான வாக்கியங்கள் கேட்டிருந்தார்கள். ஆபீஸில் உட்கார்ந்து மண்டையை உடைத்து ஒன்பது எழுதியிருந்தேன், ஒன்றுகூடத் தேறவில்லை. அப்போது ஃபோன் அதிர்ந்தது. அவர்தான். ஆங்கிலத்தில்தான்.

"ஐ கேவ் யுவர் சிஸ்டர் மை ஹவுஸ் கீ திஸ் மார்னிங்."

கை தானாகப் பென்சிலை எடுத்தது. பிழை தேடினேன். யாருக்கு, எதை, எப்போது, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. மறுபடியும் தேடினேன். மூன்றாம் முறை வாசிக்கும்போதுதான், தன்னிடம் இருந்த வீட்டுச் சாவியை என் அக்காவிடம் கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார் என்பது எனக்குப் புரிந்தது.